ஒற்றை ஆள், பன்மைப் பெயர்

"நாலு பேர் சேரட்டும், ஆரம்பிக்கலாம்" என்று எத்தனை வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாய்? நேரம் சரியில்லை, கைகொடுக்க ஆள் இல்லை. சரி, உன்னுடைய இரண்டு கைகள் இருக்கின்றனவே, அவற்றை வைத்து இதுவரை என்ன செய்தாய்?

1994 ஏப்ரல். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் நிர்வாணா இசைக்குழுவின் பாடகர் கர்ட் கோபேன் இறந்தார். உலகமே கொண்டாடிய குழு அதோடு முடிந்தது. அதில் டிரம்ஸ் வாசித்த டேவ் குரோலுக்கு அப்போது வயது 25. பாட்டுக் கேட்கவே பிடிக்காமல் சில மாதங்கள் கிடந்தார். ஆனால் அவர் சொந்தமாக எழுதிய பாடல்கள் சேர்ந்து கிடந்தன. தன் குரல்மேல் நம்பிக்கை இல்லாததால் அவற்றை அதிகம் வெளியே காட்டியதில்லை.

அக்டோபரில் ஒரு வாரம் ஸ்டூடியோ பிடித்தார். முதலில் டிரம்ஸ். கூட வாசிக்க யாருமில்லை. மெட்டு தலைக்குள் மட்டும் ஓடியது. குச்சியை வைத்துவிட்டுக் கிடாரை மாட்டினார். பிறகு பேஸ், கடைசியில் மைக். குரல் மெலிந்து ஒலிக்கிறதே என்று அதே வரியை இன்னொரு முறை பாடி, ஒன்றின்மேல் ஒன்றாகப் பதித்தார். பயம் தெளியட்டும் என்று காத்திருக்கவில்லை நண்பா, பயத்தோடேதான் பாடினார்!

100 கேசட் போட்டு நண்பர்களுக்குக் கொடுத்தார். அதில் அவர் வைத்த பெயர் 'ஃபூ ஃபைட்டர்ஸ்'. இரண்டாம் உலகப் போரில் வானத்தில் தெரிந்த மர்ம ஒளிகளை விமானிகள் அப்படித்தான் அழைத்தார்கள். கேட்பவர்கள் இதை ஒரு குழு என்று நினைக்கட்டும் என்பது அவர் எண்ணம். இருந்தது ஒரே ஆள், வைத்தது பன்மைப் பெயர்! வரப்போகிறவர்களுக்கு முன்கூட்டியே இலை போட்டுவைத்த துணிச்சல் அது.

அந்த நேரத்தில்தான் புகழ்பெற்ற பாடகர் டாம் பெட்டி தன் குழுவில் டிரம்ஸ் வாசிக்க அழைத்தார். நிச்சயமான இருக்கை. குரோல் மறுத்துவிட்டார்.

இலைக்கு ஆள் வந்தது. கலைந்துகொண்டிருந்த இன்னொரு சியாட்டில் குழுவிலிருந்து நேட் மெண்டலும் வில்லியம் கோல்ட்ஸ்மித்தும் வந்தார்கள். நிர்வாணா மேடையில் கிடார் வாசித்த பேட் ஸ்மியர் வந்தார். 1995 ஜூலையில் அந்தப் பாடல்கள் ஆல்பமாக வெளியானபோது, ஒருவர் பதித்த பாட்டை நால்வர் மேடையில் முழங்கினார்கள்.

ஒரு சறுக்கலும் உண்டு. அடுத்த ஆல்பத்தில் கோல்ட்ஸ்மித் வாசித்ததைப் பெரும்பாலும் நீக்கிவிட்டு, குரோல் தானே மறுபடி வாசித்தார். மனம் நொந்த கோல்ட்ஸ்மித் விலகினார். தனியாகத் தொடங்கியவனைப் பிடிக்கும் நோய் இது: எல்லாம் என் கையாலேயே நடக்க வேண்டும்! இலை போட்டால் போதாது, வந்தவரைச் சாப்பிட விட வேண்டும். 1997இல் டெய்லர் ஹாக்கின்ஸ் வந்தார். அந்த டிரம்ஸ் இருக்கை 25 ஆண்டுகள் அவருடையதாக இருந்தது.

2022இல் ஹாக்கின்ஸும் இறந்தார். மறு ஆண்டு வந்த ஆல்பத்துக்கு டிரம்ஸ் குச்சியை மீண்டும் குரோலே எடுத்தார். 1994இன் அதே துக்கம், அதே குச்சி. ஆனால் இந்த முறை மற்ற வாத்தியங்களுக்கு அவர் ஓட வேண்டியிருக்கவில்லை. மெண்டல் இருந்தார், ஸ்மியர் இருந்தார்.

எழுந்திரு! உன் வேலையை இன்றைக்கே தனியாகத் தொடங்கு. பெயரை மட்டும் பன்மையில் வை.