உறக்கமும் கொல்லாமையும்

சேந்தமங்கலத்தைக் கடந்து கொல்லிமலை ஏறும் பேருந்தில், காரவள்ளி அடிவாரம் வந்ததும் பயணிகளின் பேச்சு தானாகவே குறைந்துவிடும். மேலே எழுபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஒவ்வொரு வளைவிலும் நம் கண்கள் ஓட்டுநரின் கைகளையே நாடுகின்றன. அவர் ஒருமுறை கொட்டாவி விட்டாலும் நம் நெஞ்சு பதறுகிறது. நம் உயிர் இன்னொருவரின் விழிப்பில் தங்கியுள்ளது என்பதை மலைப்பாதை மறக்க விடுவதில்லை. வானூர்தியில் ஏறியவுடன் அதை மறந்துவிடுகிறோம். அங்கே விமானியின் அறைக்கதவு அடைத்திருக்கிறது.

அக்கதவுக்குப் பின்னால் நிகழ்ந்த ஒன்றை இங்கு நினைவுகூர்வோம். 2010 மே 22 அதிகாலையில், துபாயிலிருந்து மங்களூருக்கு வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தில் 166 பேர் இருந்தனர். முந்தைய இரவு அதைத் துபாய்க்கு ஓட்டிச் சென்ற விமானிகளே திரும்பவும் ஓட்டி வந்தனர். குன்றின் உச்சியைச் சமன்செய்து அமைத்த ஓடுபாதையில், விமானம் உரிய இடத்தைத் தாண்டி வெகுதூரம் தள்ளித் தரைதொட்டது. பாதை முடிந்தும் நிற்காமல் பள்ளத்தில் பாய்ந்து தீப்பற்றியது. 158 பேர் மாண்டனர், எண்மர் பிழைத்தனர்.

அரசு அமைத்த விசாரணை மன்றம் விமானி அறையின் குரல் பதிவை ஆராய்ந்தது. பதிவின் முதல் 1 மணி 40 நிமிடங்களில் தலைமை விமானியின் பேச்சே இல்லை. குறட்டையும் ஆழ்ந்த மூச்சுமே கேட்டன. அவர் விழித்துச் சிறிது நேரத்திலேயே விமானத்தை இறக்கும் பொறுப்பு வந்தது. விமானம் இருக்கவேண்டிய உயரத்தினும் மிக மேலே இருந்தது. இறங்காமல் மேலெழுந்து சுற்றி வருமாறு துணை விமானி மூன்று முறை கூறினார். எச்சரிக்கைக் கருவியும் ஒலித்தது. ஆயினும் தலைமை விமானி இறக்கத்தைக் கைவிடவில்லை. உறக்கத்தின் மந்தம் விழித்த பின்னும் அவர் அறிவை மூடியிருக்கலாம். உடலின் விழிப்பு மிகத் தாழும் பின்னிரவு வேளை அதை மிகுவித்திருக்கலாம் என்று மன்றம் கருதியது.

மறைந்தவரைப் பழிப்பது நம் நோக்கமன்று. நாம் கேட்பது வேறு. கொல்லும் எண்ணம் சிறிதும் இல்லாத ஒருவரின் அயர்வால் உயிர்கள் மடிந்தால், அது இம்சையாகுமா?

நம் ஆகமங்கள் இதற்குத் தெளிவான விடை தருகின்றன. பிரமாதத்தின் வயப்பட்ட செயலால் உயிரைப் பிரிப்பதே இம்சை என்பது உமாஸ்வாமி ஆசாரியரின் தத்துவார்த்த சூத்திரம் கூறும் இலக்கணம். இன்று 'பிரமாதம்' என்பது பாராட்டுச் சொல்லாகிவிட்டது. ஆகமத்தில் அதன் பொருள் விழிப்பின்மை. பிரமாதத்தின் பதினைந்து வகைகளுள் நித்திரையும் ஒன்று. பொன்னூர் மலையில் தவமிருந்தவர் என நம் மரபு போற்றும் குந்தகுந்தரோ, பிரவசனசாரத்தில் இன்னும் ஒருபடி மேலே செல்கிறார். கவனமின்றி நடப்பவனுக்கு, உயிர் மடிந்தாலும் மடியாவிட்டாலும் இம்சை உறுதி. கவனத்தோடு நடப்பவனுக்கு, உயிர் தற்செயலாக மடிந்தாலும் பந்தமில்லை என்பது அவர் கருத்து. அவ்வாறாயின், அயர்ந்த கண்ணோடு ஓட்டியும் நல்லபடியாக ஊர் சேர்ந்த இரவுகளும் குற்றமற்றவை ஆகா.

ஆனால் உறக்கம் உடலின் இயல்பன்றோ எனலாம். உண்மையே. நம் சித்தாந்தமும் உறக்கத்தைத் தரிசனாவரணீய வினையின் உதயம் என்றே வைத்து, அதனை ஐவகைப்படுத்துகிறது. அமர்ந்தபடியே கண்ணயர்தல் பிரசலை எனப்படும். இல்லறத்தார் இவ்வினையை மன உறுதியால் மட்டும் வென்றுவிட முடியாது. 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மதுவேறியவரின் நிலைக்குத் தாழ்கிறது என்று 1997-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் காட்டினர். ஆகவே உறக்கம் வருவது குற்றமன்று. உறக்கம் வரும் என்று அறிந்தும் அதற்கு இடம் வைக்காமல் வேலையை வகுப்பதே குற்றம்.

அக்குற்றம் விமானியோடு முடிவதில்லை. கொல்லாமை அணுவிரதத்தின் ஐந்து அதிசாரங்களுள் ஒன்று, தாங்கும் அளவுக்கு மேல் பாரம் ஏற்றுதல். மாட்டுவண்டியில் அதிக மூட்டை ஏற்றுவது நம் கண்ணுக்குப் படுகிறது. மனிதன்மேல் ஏற்றும் இரவுகளின் பாரம் படுவதில்லை. 2024 ஜனவரியில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககம் விமானிகளின் வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்த்தியது. இரவுத் தரையிறக்கங்களை ஆறிலிருந்து இரண்டாகக் குறைத்தது. விதிகள் 2025-ல் இரு கட்டங்களாக நடைமுறைக்கு வந்தன. அவற்றுக்குப் போதிய ஆயத்தம் இல்லாமையால், அவ்வாண்டு டிசம்பரில் இண்டிகோ நிறுவனத்தின் ஆயிரக்கணக்கான பயணங்கள் நின்றன. இரவு விதிகளில் அந்நிறுவனத்திற்குத் தற்காலிகத் தளர்வும் தரப்பட்டது. பயணம் நின்றதே என்று நாம் சினந்தோம். நம்முள் எத்தனை பேர் விமானியின் உறக்கத்தை எண்ணினோம்?

விமானம் தொலைவிலுள்ளது என்றால், நம் வாசலுக்கே வருவோம். மேல்சித்தாமூருக்கோ சிரவணபெளகொளாவுக்கோ குடும்பத்தோடு வேன் அமர்த்திச் செல்கிறோம். தங்கும் செலவு மிச்சம் என்று இரவில் புறப்படுகிறோம். நாம் உறங்க, ஓட்டுநர் விழித்திருக்கிறார். பகலில் நாம் அபிடேகம் கண்டு மகிழும்போது, அவர் வெயிலில் நிற்கும் வண்டிக்குள் அரைக்கண் மூடுகிறார். அன்றிரவே திரும்புகிறோம். காணாத சிற்றுயிர் மாளுமே என்று இரவுணவை விலக்கிய நாம், துளி மதுவும் தீண்டாத நாம், கண் சிவந்த ஒருவரிடம் நம் குழந்தைகளையும் வழியில் நடப்போரையும் ஒப்படைக்கிறோம்.

இனி யாத்திரைக்குத் திட்டமிடும்போது ஓட்டுநருக்கும் ஓர் அறையும் பாயும் கணக்கில் சேரட்டும். பகலிலேயே புறப்படுவோம். அவர் கண் அசந்தால் வண்டியை ஓரங்கட்டச் சொல்லும் துணிவு நமக்கு வேண்டும். சொன்னதைக் கேட்டு நிறுத்துவோரை, தாமதமாயிற்றே என்று கடியாத பொறுமையும் வேண்டும். மங்களூர்த் துணை விமானி மூன்று முறை சொன்னார். கட்டுப்பாட்டைத் தாமே ஏற்கும் அதிகாரம் பற்றிய விதிகள் தெளிவாக இல்லாமையால் அவர் சொல்லோடு நின்றிருக்கலாம் என்று மன்றம் குறித்தது. நமக்கு அத்தகைய தடை ஏதுமில்லை. பிறர் உறங்க இடம் தருவதும் கொல்லாமையின் ஒரு பகுதியே.