நட்ட மரமும் வெட்டிய மரமும்

'ஜமீலா' எழுதிய சிங்கிஸ் ஐத்மாத்தவின் 'முதல் ஆசிரியர்' குறுநாவலை 1965இல் ஆந்திரேய் கொன்சலோவ்ஸ்கி படமாக்கினார். அவருடைய முதல் முழுநீளப் படம் அது; கறுப்பு வெள்ளை.

கதை நடப்பது 1920களின் கிர்கீசிய மலைக் கிராமத்தில். எழுத்தறிவின்மையை ஒழிக்க 1919 டிசம்பரிலேயே மாஸ்கோ ஆணை போட்டுவிட்டது. ஆனால் அதை ஊர் ஊராய் எடுத்துப்போக ஆள் வேண்டுமே? செஞ்சேனையிலிருந்து திரும்பிய தூய்ஷேன் வருகிறான். அவனுக்கே எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். பாழடைந்த குதிரைக் கொட்டிலைப் பெருக்கிப் பள்ளிக்கூடமாக்குகிறான். பனி உருகி ஓடும் ஓடையில், பிள்ளைகளை முதுகில் சுமந்து அக்கரை சேர்க்கிறான். கரையிலிருப்பவர்களுக்கு அது வேடிக்கை.

இவ்வளவோடு நின்றிருந்தால் இது ஒரு பிரச்சாரப் படம். கொன்சலோவ்ஸ்கி நிற்கவில்லை. வகுப்பில் ஒரு பையன் கேட்கிறான்: லெனினும் ஒருநாள் சாவாரா? பிள்ளைகள் கேட்கிற சாதாரணக் கேள்விதான். தூய்ஷேனோ ஆத்திரம் தாளாமல் பையனைப் பிடித்து உலுக்குகிறான். மூடநம்பிக்கையைப் போக்க வந்தவனிடமே கேள்வி கேட்க முடியாத ஒரு நம்பிக்கை இருக்கிறது. நான் பார்த்த சோவியத் படங்களில் இத்தனை நேர்மையான வகுப்பறை வேறில்லை.

அநாதைப் பெண் அல்தினாயை ஊர்ப் பணக்காரனுக்கு இரண்டாம் தாரமாகத் தள்ளிவிடுகிறார்கள். தடுக்கப்போன ஆசிரியன் அடிபட்டு விழுகிறான். பிறகு காவலர்களோடு போய்த்தான் மீட்கிறான். அல்தினாயாக நடித்த நத்தால்யா அரின்பசாரவா பாலே மாணவி. 1966 வெனிஸ் விழாவில் சிறந்த நடிகை விருது அவருக்குக் கிடைத்தது.

குறுநாவலில் தூய்ஷேனும் அல்தினாயும் குன்றின்மேல் இரண்டு பாப்ளார் கன்றுகளை நடுகிறார்கள். பின்னாளில் அவள் பேரறிஞர். அவன் கடிதம் சுமக்கும் தபால்காரன். ஐத்மாத்தவின் தந்தை 1938இல் ஸ்டாலின் ஆட்சியில் சுட்டுக்கொல்லப்பட்டவர். அப்படிப்பட்டவரின் மகன், மறக்கப்பட்ட ஒரு பழைய கம்யூனிஸ்டுக்கு நிழல் தரும் மரங்களை நட்டுவைத்தார்.

படத்தில் அந்தப் பிற்காலமே இல்லை. பள்ளிக்கூடம் எரிந்துபோகிறது. புதிதாய்க் கட்ட மரம் வேண்டும். ஊரில் இருப்பதோ ஒரே ஒரு பாப்ளார். தூய்ஷேன் கோடரியை ஓங்குகிறான். ஊரார் பார்த்துக்கொண்டே நிற்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு கிழவரும் கோடரியோடு வந்து மரத்தின் மறுபக்கம் வெட்டத் தொடங்குகிறார்.