ஒரு துளிதானே என்று சொல்லாதே

சீனன்குடா மா ஆலைப் பக்கம் வளர்ந்தவள் நீ. ஒன்றரைக் கிலோ கோதுமை மா கையில் எவ்வளவு கனக்கும் என்று உனக்குத் தெரியும். அதைவிட இலேசான பிள்ளையைப் பெற்றுவிட்டு, கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்று "என்னால என்ன ஏலும்?" என்று அழுகிறாய். கண்ணைத் துடை, தங்கச்சி! அந்த வாட்டில் வேறெவராலும் ஏலாத ஒன்று உன்னால் ஏலும்.

மாதம் நிறையாமல் பிறந்த பிள்ளையின் குடல் முற்றியிராது. அதில் அழற்சி மூண்டால் குடலின் ஒரு பகுதியே செத்துப்போகும். சிலவேளை ஓட்டை விழும். நெக்ரோடைசிங் என்டரோகொலைடிஸ் என்று பெயர்; வைத்தியர்கள் சுருக்கமாக 'நெக்' என்பார்கள். பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் கிழமையில், பிள்ளை தேறிவிட்டது என்று நாம் மூச்சு விடும்போதுதான் அது வரும்.

வரட்டும். நீ வெறுங்கையோடு நிற்கவில்லை. 926 குறைமாதப் பிள்ளைகளைப் பார்த்த பிரித்தானிய ஆய்வொன்று 1990இல் லான்செட் இதழில் வந்தது. தாய்ப்பால் மட்டும் குடித்தவர்களைவிட, பால்மா மட்டும் குடித்தவர்களுக்கு இந்நோய் 6 முதல் 10 மடங்கு அதிகம்! முதல் நாளில் உன் பால் கரண்டியின் அடியை நனைக்கும் அளவுதான் வரும். "இது எதற்குக் காணும்?" என்பார்கள். கேளாதே. பிள்ளைக்கு உறிஞ்சத் தெரியாவிட்டால் குழாய் வழியே போகும். பிறந்து சில மணிக்குள் தொடங்கு. இரவும் பகலுமாக எட்டுத் தடவையாவது பிழிந்தெடு.

தாய்ப்பால் குடித்த பிள்ளைக்கும் இது வரலாம். வந்தால் குற்றம் உன்னுடையதல்ல. பால் ஊறாத தாயுடையதும் அல்ல.

ஆனால் கண் உன்னுடையது. வயிறு ஊதி இறுகுகிறதா, பச்சையாய்ச் சத்தி எடுக்கிறதா, மலத்தில் இரத்தமா, பிள்ளை சோர்ந்து கிடக்கிறதா? உடனே மிஸ்ஸைக் கூப்பிடு. கரைச்சல் கொடுக்கிறோமோ என்று கூசாதே. நேரத்தோடு பிடித்தால் பாலை நிறுத்தி, சேலைனும் அன்டிபயோட்டிக்கும் ஏற்றியே பல பிள்ளைகளைத் தேற்றிவிடுகிறார்கள். சிலருக்குச் சத்திரசிகிச்சை வேண்டியிருக்கும். வீட்டுக்கு வந்தபின் இந்த அறிகுறி கண்டால் 1990ஐ அழை. சுவசெரிய அம்புலன்ஸுக்குக் காசில்லை.

கணவன்மாரே, மாமிமாரே! பிள்ளை திருகோணமலை ஆஸ்பத்திரியில், தாய் சீனன்குடா வீட்டில் என்றால், இரவு இரண்டு மணிக்கு அவள் பால் பிழிய எழும்பும்போது நீங்களும் எழும்புங்கள். ஒரு கோப்பை தேத்தண்ணி ஊற்றிக் கொடுங்கள். விடிந்ததும் அந்தப் பால் போத்தலை ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டு ஓடுங்கள்.