இன்னொரு தடவை சொல்லுங்க

புரியாமலேயே "ஓகே" சொல்வது பொய்யா? போன வருஷம் வரைக்கும் கேட்டிருந்தால் சிரித்திருப்பேன். அதெல்லாம் ஒரு மரியாதைங்க, விடுங்க என்றிருப்பேன்.

எங்கள் டீமில் சென்னையில் 6 பேர், ஹோ சி மின் நகரத்தில் 2 பேர். கிளையன்ட் கிளாஸ்கோவில். ஒரு வெள்ளிக்கிழமை புது வெர்ஷனை ஏற்றுவதற்கு முன்னால் கால் போட்டுப் பேசினோம். ஏதாவது தப்பானால் பழைய வெர்ஷனுக்குத் திரும்பிவிடலாமா என்று எங்கள் லீட் கேட்டார். வியட்நாம் நண்பர் பதில் சொன்னார். "வீ கேன் ரோல்பேக்" என்று என் காதில் விழுந்தது. அதற்குப் பிறகு டேபிள், டேட்டா என்று ஏதோ நீளமாக விளக்கினார். பாதி புரியவில்லை. ஓகே என்றேன். எல்லோரும் ஓகே என்றார்கள்.

அவர் சொன்னது "கேன்ட்".

வியட்நாம் மொழியில் ஒரு சொல்லின் கடைசியில் இரண்டு மெய்கள் சேர்ந்து வராது. கடைசியில் வரும் 'ட்' வெளியே வெடிக்காது, நாக்கிலேயே நின்றுவிடும். நாம் மட்டும் என்ன ஒழுங்கு? தமிழிலும் வல்லின மெய்யில் சொல் முடியாது. அதனால் ஒரு 'உ' சேர்த்து "கேன்ட்டு" என்று நீட்டிவிடுகிறோம். அவர்கள் வெட்டுகிறார்கள், நாம் இழுக்கிறோம். சிக்கல் ஒன்றுதான். ஆனால் நம்முடைய "கேன்ட்டு" நமக்கு இயல்பான இங்கிலீஷாகக் கேட்கிறது. அவருடையது மட்டும் ஆக்சென்ட்.

அந்த வார இறுதி எப்படிப் போனது என்று விவரிக்கப்போவதில்லை. டேபிளின் அமைப்பையே மாற்றியிருந்ததால் பழைய வெர்ஷனால் ஓட முடியவில்லை, அவ்வளவுதான். திங்கட்கிழமை, என்ன நடந்தது என்று எழுதும் டாக்குமென்டில் காரணம் என்ற கட்டத்துக்குள் "கம்யூனிகேஷன் கேப்" என்று போட்டார்கள். அவருடைய அப்ரைசலில் பேச்சுத்திறனை வளர்த்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு வரி சேர்ந்தது. அதை அவரே சிரித்துக்கொண்டு சொன்னார்.

அன்றைக்கு ராத்திரி ரெக்கார்டிங்கைப் போட்டுக் கேட்டேன். முதல் தடவை "கேன்" என்றுதான் கேட்டது. மூன்றாவது தடவை அந்தச் சின்ன நிறுத்தம் கேட்டது. அதற்கப்புறம் அவர் நீளமாகச் சொன்னது முழுக்க, ஏன் முடியாது என்பதற்கான விளக்கம். ஒரு எழுத்து தப்பியது என் காதின் குறை என்று வைத்துக்கொள்ளலாம். அந்த நாற்பது விநாடி?

இதே நான் கிளாஸ்கோக்காரருக்கு என்ன செய்தேன் தெரியுமா? ஆரம்பத்தில் அவர் பேச்சு சுத்தமாகப் புரியவில்லை. 'ர'வை உருட்டுவார், நடுவில் வரும் 'ட'வைத் தொண்டைக்குள் விழுங்கிவிடுவார். "அவுட்வித்" என்று ஒரு சொல் சொல்வார். அது ஸ்காட்லாந்தில் 'அதற்கு வெளியே' என்ற பொருளில் புழங்குவது என்று தேடித் தெரிந்துகொண்டேன். ஸ்காட்டிஷ் காமெடியன்களின் வீடியோக்கள் பார்த்தேன். ரெண்டு மாதத்தில் காது பழகிவிட்டது. அப்போதெல்லாம் 'இவர் இங்கிலீஷ் சரியில்லை' என்று ஒரு நொடிகூடத் தோன்றியதில்லை. என் இங்கிலீஷ்தான் பத்தவில்லை என்று நினைத்தேன்.

இந்த வித்தியாசம்தான் என்னைத் தூங்கவிடவில்லை. காது நடுநிலையான உறுப்பு இல்லை. சம்பளம் எங்கிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் நீள்கிறது.

1992-இல் டொனால்ட் ரூபின் என்ற ஆய்வாளர் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் ஒரு சோதனை செய்தார். பதிவு செய்த உரை ஒன்றுதான், குரலும் ஒன்றுதான். ஒரு குழுவுக்கு வெள்ளைக்காரப் பெண்ணின் படம், இன்னொரு குழுவுக்கு ஆசியப் பெண்ணின் படம். ஆசிய முகத்தைப் பார்த்தவர்களுக்கு உரை குறைவாகவே புரிந்தது. இல்லாத ஆக்சென்டைக் கண்ணால் கேட்டிருக்கிறார்கள்! இன்னொரு பக்கம், அந்நிய உச்சரிப்புக்குக் காது ஒரு நிமிடத்துக்குள்ளேயே இணங்கத் தொடங்கிவிடும் என்று 2004-இல் வந்த கிளார்க், கேரட் ஆய்வு சொல்கிறது. அப்படியென்றால் எனக்குத் தேவைப்பட்டது ஒரு நிமிடம். நான் அதைக்கூடத் தரவில்லை.

மிராண்டா ஃப்ரிக்கர் என்ற தத்துவவாதி 2007-இல் எழுதிய புத்தகத்தில், ஒருவர் யார் என்பதைப் பார்த்து அவர் சொல்லுக்கு மதிப்பைக் குறைப்பது ஓர் அநீதி என்கிறார். சரிதான். ஆனால் நான் அவரை நம்பாமல் போகவில்லை. நம்புவதா வேண்டாமா என்று யோசிக்கும் இடத்துக்கே அவர் சொல்லை வரவிடவில்லை. இது அதற்கும் முந்தைய படி என்று படுகிறது. "ஓகே" என்ற சொல்லால் வாசலிலேயே அனுப்பிவிட்டேன்.

நியாயமாக இன்னொன்றும் சொல்லணும். புரியாததெல்லாம் பாரபட்சம் இல்லை. ஆறாவது மீட்டிங்கில் மூளை களைத்துப்போகும், லைன் கரகரக்கும். ஒருவரை நாலு தடவை "திரும்பச் சொல்லுங்க" என்று எல்லோர் முன்னாலும் கேட்டால் அவருக்கும் கூச்சமாக இருக்கும். அதற்காகத்தான் தலையாட்டினேன் என்று கொஞ்ச நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அந்தக் கூச்சம் யாருடையது? சங்கடத்திலிருந்து நான் காப்பாற்றியது என்னைத்தான்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அவர் கால்களில் பேசுவதையே குறைத்துக்கொண்டார். எல்லாம் சாட்டில்தான். "சூப்பர், இப்ப தெளிவா இருக்கு" என்று எல்லோரும் பாராட்டினார்கள். "கேன்ட்" என்ற சொல்லை விட்டுவிட்டார். "நாட் பாசிபிள்" என்கிறார்.

போன மாதம் தனியாகப் பேசும்போது கேட்டேன், நாங்க பேசுறது உங்களுக்குப் புரியுதா என்று. கொஞ்சம் தயங்கினார். மீட்டிங் முடிந்ததும் ரெக்கார்டிங்கை மறுபடி போட்டுக் கேட்பாராம். இரண்டு வருஷமாக. நான் 'வி'யையும் 'டபிள்யூ'வையும் ஒரே மாதிரி சொல்வேனாம், பேசும் வேகமும் ஜாஸ்தியாம். கிளாஸ்கோக்காரருக்காக நான் செய்ததை எனக்காக அவர் செய்துகொண்டிருந்திருக்கிறார்.

அந்த டாக்குமென்ட் இன்னும் இருக்கிறது. "கம்யூனிகேஷன் கேப்" என்ற வரிக்குக் கீழே, ரெக்கார்டிங்கின் நிமிடத்தைக் குறித்து, "இவர் முடியாது என்றார், காரணமும் சொன்னார், நாங்கள் கேட்கவில்லை" என்று எழுதி என் பெயரைப் போட்டேன். லீட் ஒரு தம்ஸ்அப் போட்டார். அப்ரைசல் எட்டு மாதம் முன்பே முடிந்துவிட்டது.