குடிமையியலுக்கு எத்தனை மதிப்பெண்?

சேரன்மகாதேவி பேருந்து நிறுத்தத்தை ஒட்டிய டீக்கடை ஒன்றில் ஓய்வுபெற்ற வாத்தியார்கள் நாலைந்து பேர் சாயங்காலம் கூடுவோம். பென்ஷன், சர்க்கரை அளவு என்று பேச்சு ஓடும். 2025 பிப்ரவரியில் ஒருநாள் பேச்சு 'ஸ்லாஸ்' பக்கம் திரும்பியது. மாநில அளவிலான அடைவுத் தேர்வு. தமிழ்நாடு முழுக்க 3, 5, 8 வகுப்புப் பிள்ளைகளுக்கு அந்த மாதம்தான் நடத்தியிருந்தார்கள். தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்ற நண்பர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

"ஏன் வே, இதே மாதிரி குடிமையியலுக்குன்னு தனியா மாநிலம் முழுக்க ஒரு பரீட்சை வச்சா என்ன? ஆறு, ஏழு, எட்டுலயே வைக்கணும். அதுக்கு மேல போனா கையில கயிறு ஏறிருது. பொறவு ஒண்ணும் செய்ய முடியாது."

கயிறு என்று அவர் சொன்னதை எங்கள் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மணிக்கட்டில் சாதிக்கு ஒரு நிறம். எது யாருடையது என்று ஆறாம் வகுப்புப் பையனுக்குத் தெரியும். வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்த வாத்தியாருக்குப் புரிய ஒரு மாதம் ஆகும். 2019 ஜூலை இறுதியில் இந்தக் கயிறுகளைத் தடுக்கச் சொல்லிப் பள்ளிக் கல்வித் துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. எதிர்ப்பு கிளம்பியதும் அமைச்சரே அதிலிருந்து பின்வாங்கினார். 2022 ஏப்ரலில் அம்பாசமுத்திரம் பக்கம் பள்ளக்கால் பொதுக்குடி அரசுப் பள்ளியில், கயிற்றை வைத்துத் தொடங்கிய தகராறில் அடிபட்ட ஒரு பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் இறந்துபோனான். 2023 ஆகஸ்ட் 9 அன்று இரவு நாங்குநேரியில் ஒரு மாணவனை, கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது.

ஆகவே நண்பர் கேட்டது டீக்கடை வம்பு அல்ல. அவர் கேள்வியில் நியாயமும் இருக்கிறது. சமூக அறிவியல் புத்தகத்தில் வரலாறு முதலில் வரும், அடுத்து புவியியல், அதற்கும் பின்னால்தான் குடிமையியல். வகுப்பும் அதே வரிசையில்தான் போகும். குடிமையியலுக்கு வருவதற்குள் பரீட்சை நெருங்கிவிடும். கணக்கு வாத்தியார் வந்து, "சார், இந்தப் பீரியட மட்டும் குடுங்க" என்று நிற்பார். குடுத்துவிடுவேன். மேலே இருப்பவர்கள் கேட்காத பாடத்தைக் கீழே யாரும் நடத்துவதில்லை. பரீட்சை வந்தால் பீரியடாவது மிஞ்சும்.

இன்னொரு நியாயமும் உண்டு. அரசமைப்பின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்திருக்கிறது, 1989இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது, 1098க்கு எந்தப் பிள்ளையும் போன் செய்யலாம் என்பதெல்லாம் ஒரு பையனுக்கு வெறும் இரண்டு மார்க்காக இருக்கலாம். ஒதுக்கப்படும் பிள்ளைக்கு அப்படி இல்லை. தனக்கு நடப்பது விதி அல்ல, குற்றம் என்று அவளுக்குத் தெரிவதற்கு வேறு வழி என்ன இருக்கிறது? அவள் வீட்டில் அதைச் சொல்லித்தர ஆள் இல்லாமல் போகலாம். பள்ளிக்கூடம்தான் சொல்லித்தர வேண்டும். சொல்லித்தந்தார்களா என்று யாராவது சோதிக்கவும் வேண்டும்.

இவ்வளவும் தெரிந்தும் "சரி வே" என்று என்னால் சொல்ல முடியவில்லை. 1999-2000 கல்வியாண்டின் ஒரு விடைத்தாள் குறுக்கே வந்து நின்றது.

அப்போது நான் ஆற்றங்கரை ஊர் ஒன்றில் நடுநிலைப் பள்ளியில் இருந்தேன். ஏழாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வு. தீண்டாமை ஒழிப்பு பற்றிச் சட்டம் சொல்வதை எழுதச் சொல்லி ஐந்து மார்க் கேள்வி கேட்டிருந்தேன். ஒரு பையன் அச்சடித்த மாதிரி எழுதியிருந்தான். 17 என்ற எண்ணுக்குக் கீழே அடிக்கோடு வேறு. ஐந்துக்கு ஐந்து போட்டு 'நன்று' என்று எழுதினேன்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் குடிதண்ணீர்த் தொட்டிக்கு மூன்று குழாய்கள். மூன்றாவது குழாய் காலனிப் பிள்ளைகளுக்கு. அப்படி யாரும் எழுதி வைக்கவில்லை, சொல்லவும் இல்லை. ஆனால் அப்படித்தான் நடந்தது. விடைத்தாளைக் கொடுத்த அன்று மத்தியானம் மூன்றாவது குழாயில் தண்ணீர் வரவில்லை. அதே வகுப்புப் பெண் பிள்ளை ஒருத்தி முதல் குழாயில் கை வைத்தாள். அந்தப் பையன் அடிக்கவில்லை, வையவும் இல்லை. "ஏ, அங்க போ" என்றான். அவள் நகர்ந்துவிட்டாள். அவன் குனிந்து குடித்துவிட்டு நிமிர்ந்தபோது என்னைப் பார்த்தான். "வணக்கம் சார்" என்றான். நானும் வணக்கம் சொன்னேன்.

அவனைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். கேட்டால் மறுநாள் அவன் அப்பா நாலு பேரோடு வருவார். தலைமையாசிரியர், "ஏன் சார் ஊர் வம்பு நமக்கு?" என்பார். மாற்றல் வந்தாலும் வரும். இவ்வளவும் ஒரு நொடியில் மனசுக்குள் ஓடியது. மணி அடித்தது, ஆசிரியர் அறைக்குப் போய்விட்டேன்.

அந்தப் பையன் விடைத்தாளில் பொய் எழுதினானா? நெடுநாள் யோசித்திருக்கிறேன். இல்லை என்றுதான் தோன்றுகிறது. சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்டேன்; சரியாகச் சொன்னான். 'குழாயடியில் ஒரு மாணவியை விலகச் சொன்னால் நீ என்ன செய்வாய்?' என்று கேட்டிருந்தாலும் முழு மார்க்குக்கு எழுதியிருப்பான். எதை எழுதினால் மார்க் விழும் என்று தெரிந்த பிள்ளை. அவனைப் பொறுத்தவரை பரீட்சைத் தாள் ஓர் உலகம், குழாயடி வேறொன்று. இரண்டையும் பிரித்து வைக்க அவனுக்கு யார் கற்றுக்கொடுத்தது? அன்று மத்தியானம் நான்தான். ஐந்து மார்க்கும் போட்டு வணக்கமும் சொன்னவன் நான்.

நம்மிடம் இந்தப் பழக்கம் ஆழமாக இருக்கிறது. 1,330 குறளையும் ஒப்பிக்கும் பிள்ளைக்கு அரசு பரிசு தருகிறது. நல்ல காரியம்தான். ஆனால் ஒப்பித்ததற்குத் தருகிறோம் என்பதை மறக்காமல் இருக்க வேண்டும். அறிவைச் சோதிக்கலாம். நல்ல மனதை மார்க் போட்டுச் சோதிக்கப் புகுந்தால், பிள்ளைகள் நல்ல மனது மாதிரி எழுதக் கற்றுக்கொள்வார்கள். சாதியை விடுவதற்குப் பதிலாக மறைக்கப் பழகுவார்கள். பெரியவர்கள் நாம் அதில் ஏற்கெனவே தேர்ச்சி பெற்றவர்கள்தானே.

பரீட்சையின் பயம் வேறு இருக்கிறது. 5, 8 வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு என்று 2019இல் அறிவித்தபோது, ஏழைப் பிள்ளைகள் படிப்பை விட்டு நின்றுவிடுவார்கள் என்று தமிழ்நாடே கத்தியது. 2020 பிப்ரவரி 4 அன்று அரசு அதைக் கைவிட்டது. குடிமையியலின் பெயரால் அதே வாசலைத் திறக்க எனக்கு மனம் இல்லை.

மற்ற ஊர்களில் இதை எப்படிச் செய்கிறார்கள்? அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் எட்டாம் வகுப்புக்குக் குடிமையியல் தேர்வை 2025இல் மாநிலம் முழுக்க நடத்தத் தொடங்கினார்கள். அதற்கு முன்பே, 2018இல் வந்த சட்டப்படி, பிள்ளைகளே ஒரு பொதுப் பிரச்சினையை எடுத்துக்கொண்டு இறங்கிச் செய்யும் செயல்திட்டம் அங்கே உண்டு. பல நாடுகள் சேர்ந்து 2009, 2016, 2022 ஆண்டுகளில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் நடத்திய குடிமைக் கல்வி ஆய்வு எனக்கு இன்னும் பிடித்தது. அதில் அறிவுக்கு ஒரு தேர்வு. மனப்பான்மையைத் தனிக் கேள்வித்தாளில் கேட்கிறார்கள், அதற்குச் சரி, தவறு கிடையாது. வகுப்பில் மாற்றுக் கருத்தைச் சொல்ல முடிகிறதா என்றுகூடப் பிள்ளையிடமே கேட்கிறார்கள்.

அப்படி என் வகுப்பில் கேட்டிருந்தால் என்ன பதில் வந்திருக்கும்? அதே கல்வியாண்டு, அதே ஏழாம் வகுப்பு. ஜூலை மாதக் கடைசி. மாவட்ட ஆட்சியரின் பணிகளை நடத்திக்கொண்டிருந்தேன். மக்கள் மனு கொடுக்கலாம், ஆட்சியர் குறை கேட்பார் என்று சொன்னேன். பின் பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்தான்.

"சார், மனு குடுக்கப் போனவங்கதான சார் ஆத்துல செத்துப் போனாங்க?"

அப்போது ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. 1999 ஜூலை 23. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகத் திருநெல்வேலியில் ஊர்வலம் போனார்கள். கொக்கிரகுளத்தில் ஆட்சியர் அலுவலகம் தாமிரபரணிக் கரையிலேயே இருக்கிறது. போலீஸ் தடியடிக்குப் பயந்து ஜனங்கள் ஆற்றில் இறங்கினார்கள். ஒரு கைக்குழந்தை உட்பட 17 பேர் இறந்தார்கள். வகுப்பில் எல்லாப் பிள்ளைகளுக்கும் அது தெரியும். அத்தனை பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

"அது பாடத்துல இல்லடே, உக்காரு" என்றேன்.

பரீட்சை என்றால் வாத்தியார் கேட்பார், பிள்ளை பதில் சொல்லும் என்றுதான் பழகியிருக்கிறோம். அன்று கேட்டவன் பிள்ளை, தேறாமல் போனவன் நான். குடிமையியலில் உண்மையான பரீட்சை இந்தத் திசையில்தான் நடக்கிறது என்று இப்போது நினைக்கிறேன். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தை ஒவ்வொரு நாளும் திருத்திக்கொண்டிருக்கிறார்கள், மார்க்கை மட்டும் வெளியே சொல்வதில்லை.

இதற்குப் பழைய சாட்சி ஒன்று நாங்கள் டீ குடிக்கும் இந்த ஊரிலேயே உண்டு. லண்டனுக்குப் பாரிஸ்டர் படிக்கப் போய்ப் புரட்சிக்காரராக மாறியவர், குறளை ஆங்கிலத்தில் பெயர்த்தவர், வ.வே.சு. ஐயர். 1922இல் அவர் கல்லிடைக்குறிச்சியில் ஒரு குருகுலம் தொடங்கினார். பிறகு அது சேரன்மகாதேவிக்கு வந்தது. தேசியக் கல்வி, கைத்தொழில், உடற்பயிற்சி எல்லாம் உண்டு. காங்கிரஸ் நிதி கொடுத்தது. அன்றைக்கு ஒரு குடிமையியல் தேர்வு வைத்திருந்தால் மாகாணத்திலேயே அந்தப் பள்ளிதான் முதலில் வந்திருக்கும். ஆனால் பிராமணப் பிள்ளைகள் இரண்டு பேருக்குச் சாப்பாடு தனியாக. பெற்றோருக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன், மீற முடியாது என்றார் ஐயர். வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் எதிர்த்தார்கள், விவகாரம் தமிழ்நாட்டு அரசியலையே புரட்டிப் போட்டது. ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் மகன் அங்கே படித்தான், தண்ணீர்ப் பானை விஷயத்தில் பட்ட அவமானத்தை வீட்டில் போய்ச் சொன்னான், அதிலிருந்துதான் எல்லாம் வெளியே வந்தது என்று சொல்வார்கள். 1925 ஜூன் 3 அன்று பாபநாசத்தில், அருவியில் தவறி விழுந்த மகளைக் காப்பாற்றக் குதித்து ஐயர் இறந்தார். அவரைக் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். வம்பு வேண்டாம் என்று ஆசிரியர் அறைக்குப் போனவன் எந்த முகத்தோடு சொல்வது?

நாங்குநேரிக்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. ஆறு முதல் பன்னிரண்டு வரை வாரம் ஒரு பீரியட் அறநெறி வகுப்பு வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. எல்லோரும் அதைப் பற்றித்தான் பேசினார்கள். பிள்ளைகளைப் பெயரின் அகர வரிசையில் உட்கார வைக்க வேண்டும், பள்ளிப் பெயரில் சாதி இருக்கக் கூடாது, மாணவர் புகார் சொல்ல ஓர் அலுவலர் வேண்டும் என்பதெல்லாம் எனக்கு அதைவிட முக்கியமாகப் படுகின்றன. இவை பாடம் நடத்துவதில்லை. இருக்கையையும் பெயர்ப் பலகையையும் மாற்றுகின்றன. அரசமைப்பு ஒழுக்கம் மனிதனுக்குப் பிறவியிலேயே வருவதல்ல, பயிரிட்டு வளர்க்க வேண்டியது என்ற கருத்தை 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் வைத்தார். பயிர் வளர்வது நிலத்தில். பள்ளிக்கூடத்தில் அந்த நிலம் குழாயடியும் சோற்றுப் பந்தியும்தான்.

இதையெல்லாம் நண்பரிடம் ஒரு வாரம் கழித்துச் சொன்னேன். "அப்ப பரீட்சையே வேண்டாங்கீரா?" என்றார். வேண்டும் என்றேன். இரண்டு தாள். முதல் தாள் அறிவுக்கு: சட்டம், உரிமை, யாரிடம் புகார் செய்வது. அதில் பாஸ், பெயில் கிடையாது. இரண்டாவது தாளில் பிள்ளை பெயர் எழுத வேண்டாம். உன் பள்ளியில் எல்லோரும் எல்லாக் குழாயிலும் குடிக்கிறீர்களா? கழிப்பறையைக் கழுவச் சொல்வது யாரை? வாத்தியார் சாதி கேட்டாரா? நீ கேட்ட கேள்வியை யாராவது உட்காரச் சொல்லி நிறுத்தினார்களா? இந்தத் தாளுக்கான மார்க் பள்ளிக்கூடத்துக்கு.

"வாத்தியார் சொல்லிக்குடுத்து எழுத வைப்பான் வே. நானே வச்சிருப்பேன்" என்று சிரித்தார். உண்மைதான். அதையும் ஏமாற்றுவோம். ஆனாலும் அரசாங்கமே அச்சடித்த தாளில் குழாயைப் பற்றிக் கேட்டால், இது கேட்கக்கூடிய விஷயம்தான் என்று ஒரு பிள்ளைக்காவது தெரியும். நான் "பாடத்துல இல்ல" என்று சொல்லி அடைத்த கதவு அது.

சில மாதம் கழித்து அதே நிறுத்தத்தில் அந்தப் பையனைப் பார்த்தேன். பையன் என்ன, இப்போது முப்பத்தேழு வயது ஆள். ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டான். கூட யூனிபார்மில் மகள், ஆறாம் வகுப்பு. "நல்லாப் படிக்கா சார். சோசியல்ல நூத்துக்கு நூறு" என்றான்.

"உங்க பள்ளிக்கூடத்துல எத்தனை குழாய் பாப்பா?" என்று கேட்டேன். நாலு என்றாள். "எல்லாரும் எல்லாத்துலயும் குடிப்பீங்களா?"

அவள் உடனே பதில் சொல்லவில்லை. முதலில் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அவன் என்னைப் பார்த்தான். நான் எதைக் கேட்கிறேன் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. அதற்குள் பாபநாசம் பஸ் வந்து நின்றது. "வாறோம் சார்" என்று மகளை ஏற்றிக்கொண்டு போய்விட்டான். இருபத்தைந்து வருடம் தாமதமாகக் கேட்டிருக்கிறேன், அதுவும் ஒரு குழந்தையிடம். அவனிடம்தான் கேட்டிருக்க வேண்டும், அன்றைக்கு, அந்தக் குழாயடியில் வைத்து.