சுருக்கி உண்ணலும் ஒரு விரதமே

மானிடப் பிறவி எடுத்த அனைவருக்கும் பொதுவான பகைவனும் பொதுவான ஆசானும் பசியே ஆகும். செல்வன், வறியவன், கற்றவன், கல்லாதவன் என்ற வேறுபாடு அதற்கில்லை. உண்டு கை கழுவிய ஈரம் காய்வதற்குள் மறுபடியும் வந்து நிற்கும் இயல்பும் அதற்குண்டு. பசித்து வந்தவருக்குச் சோறிடுவது அறம் என்பதை நாம் யாவரும் அறிவோம். ஆனால் உணவு கையருகே இருக்கும்போதே அதனைக் குறைத்து உண்ண முற்படும் ஒருவன், விடாது வருகின்ற தன் பசியை என்ன செய்வது? அதனோடு போராடுவதா? அதற்கு இணங்குவதா? அப்பசியைப் பொறுத்துக் கொள்வதால் மட்டும் ஒருவன் நல்லவனாகி விடுவானா? இவ்வினாக்கள் பற்றி எனது சிற்றறிவுக்கும் அனுபவத்துக்கும் எட்டியவற்றை இம்மலரின் வாயிலாக அடியார்களோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றேன்.

சைவ மக்களாகிய எமக்கு விரதம் புதியதன்று. ஐப்பசியில் வரும் கந்தசஷ்டி ஆறு நாட்களிலும் சிலர் பாலும் பழமும் மட்டும் அருந்துவர். சிலர் ஒருபொழுது உண்பர். விரதத்தின் இலக்கணத்தைத் தமது சைவ வினாவிடையில் கூறவந்த நல்லைநகர் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் அவர்கள் (1822 - 1879), உணவை விடுதலோடு அதனைச் சுருக்குதலையும் சேர்த்தே கூறினார். மனம் பொறிகளின் பின்னே ஓடாது நிற்றலே அதன் நோக்கம். விடுதல் பெரியது, சுருக்குதல் இயலாதவர்களுக்கான சலுகை என்றே நான் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். அது எவ்வளவு தவறான எண்ணம் என்பதை எனக்கு உணர்த்தியது நீரிழிவு நோய்.

அரசாங்க எழுதுவினைஞராக 35 வருடங்கள் கடமையாற்றி இளைப்பாறியவன் நான். காலை பத்து மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் கந்தோரில் தேநீர் வரும். கூடவே ஒரு பணிஸ் அல்லது வடை. கோப்புகளைப் புரட்டிக்கொண்டே உண்டு முடித்துவிடுவேன். உண்ட நினைவும் இராது. இளைப்பாறிய அடுத்த வருடமே இரத்தத்தில் சீனி கூடியிருப்பதாகக் கண்டறியப்பட்டது. உடல் நிறையைக் குறைக்கும்படியும், சோற்றை அரைவாசியாக்கும்படியும், இடைத்தீனியை நிறுத்தும்படியும் வைத்தியர் கூறினார். வீட்டிலிருந்தபோதும் பத்து மணி அடித்ததும் வயிறு தேநீரைக் கேட்டது. நான் இளைப்பாறிவிட்டேன், எனது வயிறு இளைப்பாறவில்லை.

அவ்வேளையில் 2021 ஆம் ஆண்டுக் கந்தசஷ்டி வந்தது. உணவைக் குறைக்க முடியாத எனக்கு அதனை விட்டுவிடுவது இலகுவாகத் தோன்றியது. வைத்தியரிடம் கேளாமலே, குளிசைகளை வழமைபோல் விழுங்கிக்கொண்டு உபவாசம் இருந்தேன். மூன்றாம் நாள் மாலைப் பூசையின்போது கைகால் நடுங்கி, உடல் வியர்த்து, ஆலய மண்டபத் தூணோடு சாய்ந்துவிட்டேன். சீனித் தண்ணீர் பருக்கிய பின்னரே தெளிவு வந்தது. குருக்கள் ஐயா அருகில் வந்திருந்து, "முருகன் உங்களிட்ட மயக்கத்தைக் கேட்கேல்லை, ஐயா" என்றார். கிளினிக்கில் வைத்தியர் அதைவிடத் தெளிவாகச் சொன்னார். "ஐயா, உங்களால ரெண்டு மூண்டு நாள் பட்டினி கிடக்க ஏலும். ஒவ்வொரு நாளும் அரைவாசிச் சோத்தோட எழும்ப ஏலுமோ? எனக்கு அதுதான் வேணும்."

அவர் கேட்டதுதான் கடினமானது என்பதை அதன் பின்னரே கண்டேன். விரத நாளில் ஊரே நம்மோடு சேர்ந்து பசித்திருக்கும். பாறணைக்கு நாள் குறித்திருக்கும். விரதகாரன் என்ற மதிப்பும் கிடைக்கும். நாளாந்தம் சுருக்கி உண்பவனுக்கோ இவை ஒன்றுமில்லை. முழுவதும் விடுபவன் ஒருமுறை முடிவெடுத்தால் போதும். சுருக்குபவனோ அகப்பை கோப்பையை நோக்கி வரும் ஒவ்வொரு முறையும் முடிவெடுக்க வேண்டும்.

பசியை வெல்ல எண்ணுபவர் முதலில் அதனை அறிய வேண்டும். இரைப்பையில் சுரக்கும் கிரெலின் என்னும் சுரப்பு பசியைத் தூண்டுகின்றது. இதனை 1999 இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் கண்டறிந்தனர். வழமையாக உண்ணும் நேரம் நெருங்கும்போது இது கூடுகின்றது. அந்த நேரம் கடந்தால் உண்ணாவிட்டாலும் குறையத் தொடங்குகின்றது. எனது பத்து மணிப் பசியின் மர்மம் இதுதான். இது கடலலை போன்றது; எழும், உச்சிக்கு வரும், தானே விழும். 1994 இல் கண்டறியப்பட்ட லெப்டின் என்னும் மற்றொரு சுரப்பு உடற்கொழுப்பிலிருந்து வருவது. உடல் மெலியும்போது இது குறைவதால் பசி அதிகரிக்கின்றது. ஆகவே நிறையைக் குறைக்க முற்படுபவருக்கு அடிக்கடி பசிப்பது அவருடைய மனவுறுதி குன்றியதன் அடையாளமன்று. உடல் தன்னைக் காப்பாற்ற எழுப்பும் குரல் அது. இதனை அறியாமல், "எனக்கு மட்டும் ஏன் இந்த ஆசை?" என்று நான் என்னையே நொந்துகொண்ட நாட்கள் பல.

வயிறு நிறைந்த செய்தி மூளையை எட்ட ஏறத்தாழ இருபது நிமிடங்கள் வரை செல்லும் என்பர். ஐந்து நிமிடத்தில் உண்டு முடிப்பவன், அச்செய்தி வருவதற்குள் இரண்டாம் முறையும் சோறு வாங்கிவிடுவான். ஆகவே நான் சில பழக்கங்களை ஏற்படுத்திக்கொண்டேன். உண்ணுமுன் தண்ணீர் அருந்துவேன். கீரையும் காய்கறியும் பருப்பும் முதலில், சோறு பின்னர். வெள்ளைப் பச்சையரிசி மாப் புட்டுக்குப் பதில் குரக்கன் மாப் புட்டு, அதுவும் அளவோடு. நின்றுகொண்டோ, தொலைக்காட்சி பார்த்துக்கொண்டோ உண்பதில்லை. பத்து மணிக்குப் பசி எழுந்தால் ஆலய வீதியைக் கூட்டுவேன், அல்லது பூமாலை கட்டுவேன். இரண்டு மாலை கட்டி முடிவதற்குள் அலை பெரும்பாலும் விழுந்துவிடும். விழாவிட்டால் ஒரு பிடி அவித்த கடலை உண்பேன்; அதற்காக வெட்கப்படுவதில்லை. ஆனால் நடுக்கமும் வியர்வையும் படபடப்பும் சேர்ந்து வரும் பசி வேறு. நீரிழிவுக்கு மருந்து எடுப்போர் அதனைப் பொறுத்திருத்தல் ஆபத்து. உடனே இனிப்பு ஏதேனும் உட்கொள்ள வேண்டும். மருந்து எடுப்போர் வைத்தியரைக் கேளாது உபவாசம் இருத்தலும் கூடாது. என் தவறு அடியார்கள் எவருக்கும் நேரக்கூடாது என்பதற்காகவே அதனை இங்கு எழுதினேன்.

அளவுக்கு மீறிச் சுருக்கினால் என்ன நிகழும் என்பதற்கு அமெரிக்காவில் நிகழ்ந்த ஒரு பரிசோதனை சான்றாகும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், மனச்சாட்சியின் பொருட்டு ஆயுதம் ஏந்த மறுத்த 36 இளைஞர்கள், ஐரோப்பாவில் பட்டினியால் வாடியோரை மீட்கும் வழியை அறிய உதவும்படி தாமாகவே முன்வந்து தம் உடலை ஒப்புக்கொடுத்தனர். மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் அன்சல் கீஸ் என்னும் அறிஞர் 1944 - 1945 காலப்பகுதியில் இதனை நடத்தினார். 24 வாரங்கள் அவர்களுக்கு ஏறத்தாழ அரைவயிற்று உணவே வழங்கப்பட்டது. உடல் நிறையில் நான்கிலொரு பங்களவை இழந்த அவ்விளைஞர்கள், நாள் முழுவதும் உணவையே நினைத்தனர், சமையற் புத்தகங்களை விரும்பி வாசித்தனர், கோப்பையை நக்கினர். உயர்ந்த நோக்கத்தோடு வந்தவர்களின் நிலையே இதுவாயிற்று. மனம் பொறிவழிப் போகாதிருக்கவே விரதம் என்றால், மனத்தை முற்றாக உணவின் அடிமையாக்கும் பட்டினி விரதத்தின் நோக்கத்தையே கெடுத்துவிடுகின்றது. திருக்குறளில் உணவின் அளவு பற்றிப் பேசும் அதிகாரத்துக்கு மருந்து என்றே பெயர். மருந்து கூடினாலும் குறைந்தாலும் தீங்குதானே.

இனி, நான் முதலில் எழுப்பிய கடைசி வினாவுக்கு வருகின்றேன். பசியைப் பொறுப்பவன் நல்லவனாகி விடுவானா?

2022 ஆம் ஆண்டு நாட்டில் பொருளாதார நெருக்கடி மிகுந்திருந்த காலம். எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசை. அரிசியின் விலையோ எட்டாத உயரம். எமது ஆலய மகோற்சவத்தில் அன்னதானப் பந்தியை நான் மேற்பார்வை செய்துகொண்டிருந்தேன். அப்போது ஏழு கிலோ நிறை குறைத்திருந்தேன். அதில் எனக்குச் சற்றுப் பெருமையும் இருந்தது. பந்தியில் ஒரு வயோதிபத் தாயார் இரண்டாம் முறை சோறு வாங்கி உண்டு, மூன்றாம் முறையும் கேட்டார். நான் அருகில் சென்று, "அம்மா, வயசு போன நேரத்தில அளவாச் சாப்பிடுறதுதான் உடம்புக்கு நல்லது" என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, "ஓம் தம்பி, நீங்கள் சொல்லுறது சரிதான்" என்று கூறி, இலையை மடித்துவிட்டு எழுந்தார்.

பரிமாறிக்கொண்டிருந்த இளைஞன் ஒருவன் பின்னர் என்னிடம் வந்து, அத்தாயார் தனியே இருப்பவர் என்றும், விறகும் அரிசியும் இல்லாததால் முதல்நாள் மத்தியானத்துக்குப் பின் எதுவும் உண்ணவில்லை என்றும் சொன்னான். அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. அது விரதமன்று, வெட்கம்.

பட்டினியை அறியாதவனல்ல நான். 1973, 1974 ஆம் ஆண்டுகளில் அரிசித் தட்டுப்பாடு நிலவியபோது, விடியமுன் பாணுக்கு வரிசையில் நின்ற சிறுவன் நான். மரவள்ளிக் கிழங்கே பல நாட்கள் எங்கள் வீட்டில் சோறாயிற்று. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கான மக்கள் ஒரே வீதியால் தென்மராட்சிக்கு நடந்தபோது, முன்பின் அறியாத ஒருவர் எனது பிள்ளைகளுக்குத் தந்த கஞ்சியின் சூட்டை இன்றும் மறக்கவில்லை. அவ்வளவையும் அனுபவித்த ஒருவன், ஏழு கிலோ குறைந்த பெருமையில் அனைத்தையும் மறந்துவிட்டான். தானாக வரவழைத்த பசியையும் பிறரை வாட்டும் பசியையும் ஒரே தராசில் வைத்துவிட்டான்.

மணிமேகலைக் காப்பியத்தில் வரும் காயசண்டிகையின் கதை அப்போது என் நினைவுக்கு வந்தது. முனிவர் ஒருவர் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை உண்ணும் நாவற்கனியைத் தன் காலாற் சிதைத்ததால், எவ்வளவு உண்டாலும் தணியாத யானைத்தீ என்னும் பசிநோய்க்கு அவள் ஆளானாள். மற்றொருவரின் உணவை மதியாமையே அவளது நோயின் வேர். மணிபல்லவத்தில் கிடைத்த அமுதசுரபியிலிருந்து மணிமேகலை இட்ட உணவாலேயே அது தணிந்தது. மணிபல்லவத்தை எமது நயினாதீவு எனக் கொள்வாரும் உளர். பிறர் பசி தீர்க்கவென்றே உள்ள பாத்திரத்தின் சோறு அது என்பதை நாம் சிந்திக்க வேண்டும். நானும் அன்று ஒருவருடைய உணவைச் சிதைத்தவனே.

மறுநாள் மேற்பார்வையை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு, சோற்று வாளியைத் தூக்கிக்கொண்டு பந்திக்குள் இறங்கினேன். அத்தாயார் வந்திருந்தார். "இன்னும் கொஞ்சம் போடட்டோ அம்மா?" என்று கேட்டேன். "போடு தம்பி" என்றார். மன்னிப்பு என்ற சொல்லை இருவரும் உச்சரிக்கவில்லை.

அன்று நான் கற்ற பாடம் இதுதான். சுருக்குதல் என்பது நமது கோப்பைக்கு மட்டுமே உரிய சட்டம். பிறர் இலைக்கு நாம் அகப்பை மட்டுமே. பத்து மணிக்கு எழும் எனது சிறு பசி, பத்து மணிக்கும் அடுப்பு மூட்டப்படாத வீட்டை எனக்கு நினைவூட்டினால் அது விரதம். நினைவூட்டாவிட்டால் அது வைத்தியம் மட்டுமே. வைத்தியமும் நல்லதுதான், ஆனால் அதனைப் புண்ணியமெனக் கணக்கெழுதக் கூடாது. விரதத்துக்கு இலக்கணம் வகுத்த அதே நாவலர் பெருமான்தான், 1877 ஆம் ஆண்டளவில் யாழ்ப்பாணத்தில் பஞ்சம் வந்தபோது கஞ்சித்தொட்டித் தருமமும் நடத்தினார் என்பதை நாம் மறத்தல் ஆகாது.

எமது பாட்டிமார் உலையில் அரிசி இடுமுன் ஒரு பிடியை எடுத்து வேறாக வைப்பர். பிடியரிசி என்று அதற்குப் பெயர். இன்று எமது வீட்டில், எனக்குக் குறைத்த அரைச்சுண்டு அரிசி நாள்தோறும் ஒரு பானைக்குள் போகின்றது. மாத முடிவில் அது ஆலய மடைப்பள்ளிக்கு வந்துசேரும். பத்து மணிக்கு வயிறு இன்னமும் கூப்பிடத்தான் செய்கின்றது. ஆனால் அந்தப் பானையைக் காணும்போது, குறைந்த சோறு எங்கே போகின்றதென்று வயிற்றுக்குப் பதில் சொல்ல முடிகின்றது. இயன்ற அடியார்களும் இப்பழக்கத்தை மீண்டும் கைக்கொள்வார்களாயின் எமது கிராமத்தில் அடுப்பெரியாத வீடு இராது.

அளவோடு உண்ணும் அறிவையும், அளவின்றி வழங்கும் மனத்தையும் எம் அனைவருக்கும் அருளுமாறு எல்லாம் வல்ல எம்பெருமானின் பாதம் பணிந்து அமைகின்றேன்.