ஆண்டும் மணியும்

பினாங்கு ஜார்ஜ் டவுனில், கார்ன்வாலிஸ் கோட்டையருகே நிற்கும் மணிக்கூண்டின் உயரம் 60 அடி. 1897இல் விக்டோரியா அரசியாரின் ஆட்சிக்கு 60 ஆண்டு நிறைந்ததன் நினைவாக, ஆண்டுக்கு ஓரடி வீதம், சியா சென் இயோக் என்னும் சீனச் செல்வர் அதனை எழுப்புவித்தார். 1902இல் பணி முடிந்தது. அவ்வறுபது ஆண்டு, நாளாக மாற்றின் 21,915. மணியாக மாற்றின் 5,25,960. நம் முன்னோர் வழக்கில் நாளொன்றுக்கு 60 நாழிகை. இரண்டரை நாழிகை ஒரு மணி. எவ்வளவையால் அளப்பினும் காலம் ஒன்றே. அரசியாரின் மணி நீண்டதுமன்று. கூலியாளின் மணி குறுகியதுமன்று.

அங்ஙனமாயின் ஏற்றத்தாழ்வு எங்கே நுழைந்தது? எதிர்க்கரையாகிய செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தத்தில் வந்த நம்மவர் கைநாட்டு வைத்தது ஆண்டுக் கணக்கில். கூலி பெற்றது நாட்கணக்கில். உடல் தேய்ந்ததோ மணிக்கணக்கில். அளவையை மாற்றும் உரிமை வலியவன் கையில் மட்டும் இருந்தது. அங்கேதான் அநீதி நுழைந்தது. ஓராண்டு என்பது வாயால் சொல்ல ஒரு சொல். வாழ்ந்து கழிக்க 8,760 மணி அன்றோ!

அவ்வொப்பந்த முறை மலாயாவில் 1910இல் ஒழிக்கப்பட்டது. மாற்றிப் பார்க்கும் கடமை ஒழியவில்லை. செக்ரோலில் ஒரு மனிதனின் நாளை ஒரு கோடாக இடும் கிராணிமாராகிய நாம், அக்கோட்டினுள் அடங்கிய மணிகளை எண்ணிய பின்னரே பேனாவைத் தொடுதல் அறமாகும்.